கறவை மாடுகளில் கன்று வீச்சு நோய்: ஒழிக்க முடியுமா?

(கால்நடை வளர்ப்போர் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. இந்த நாட்டுக்கு வந்த நம் முன்னோருக்கு அது வெறும் சொற்பொருள் அல்ல. காலையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள், மாலையில் லயத்துக்குப் பின்னால் இருந்த சிறு கொட்டகையில் இரண்டு மூன்று பசுக்களைக் கறந்தார்கள். தோட்டச் சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும் போய்விடும். பிள்ளையின் பள்ளிச் செலவு, மகளின் கல்யாணச் செலவு எல்லாம் பால் காசில்தான் நடந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும், இந்நாட்டில் பால் மாடு வளர்க்கும் சிறு பண்ணையாளர்களில் நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் வருமானத்தை ஓசையில்லாமல் அரித்துவிடும் ஒரு நோயைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மருத்துவத்தில் அதற்குப் புருசெல்லோசிஸ் என்று பெயர். தமிழில் கன்று வீச்சு நோய் என்பார்கள். இந்த நோயை ஏன் தேர்ந்தெடுத்தேன்? இது மாட்டோடு நிற்பதில்லை. பால் வழியாக மனிதருக்கும் வரும். அது மட்டுமல்ல, இதை ஒழிக்கப் புறப்படும்போது நம் மக்களின் மனசாட்சியைத் தொடும் ஒரு கேள்வியும் எழுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாட்டு நோயை ஒழிக்க முடியுமா?

முதலில் அடிப்படைக் கேள்வியைப் பார்த்துவிடுவோம். ஒரு தொற்று நோயை அடியோடு ஒழிப்பது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. மனித குலம் இதுவரை இரண்டே நோய்களை உலகத்திலிருந்து முற்றாக ஒழித்திருக்கிறது. ஒன்று பெரியம்மை, அது ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. மற்றொன்று மனித நோய் அல்ல, மாட்டு நோய். வெக்கை நோய், மாட்டுக் கொள்ளை நோய் என்றெல்லாம் நம் முன்னோர் அஞ்சிய அந்த நோய், 1890-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்தது. அதன் பின்னே பஞ்சம் வந்து மக்களும் மாண்டார்கள். அந்த நோய் கடைசியாக 2001-இல் கென்யாவில் காணப்பட்டது. 2011-இல் அது உலகை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் வெக்கை நோய் ஒரு வகையில் வெளிப்படையான எதிரி. வந்தால் மாடு சாகும், அல்லது பிழைத்து வாழ்நாள் முழுவதற்கும் எதிர்ப்பு சக்தி பெறும். பிழைத்த மாடு நோயைச் சுமந்து திரியாது. நல்ல தடுப்பூசியும் இருந்தது. கன்று வீச்சு நோயின் குணமோ இதற்கு நேர்மாறானது. இது மாட்டைக் கொல்லாது. மாடு தின்னும், அசை போடும், பால் கறக்கும்; பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நோய் எப்படி வேலை செய்கிறது?

இதற்குக் காரணம் புருசெல்லா என்ற நுண்ணுயிர். சினைப் பசுவின் கருப்பையும் மடியும் இதற்குப் பிடித்த இடங்கள். பசுவின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதை உண்டு இந்தக் கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது. நஞ்சுக்கொடி அழுகிப் புண்ணாகி, பெரும்பாலும் ஐந்து மாதச் சினைக்குப் பிறகு, கன்று செத்து வெளியே விழுகிறது. நஞ்சுக்கொடி முழுதாக விழாமல் தங்கிவிடுவதும் உண்டு. பால் குறையும், அடுத்த சினை பிடிக்கத் தாமதமாகும்.

இந்த நோயில் மக்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நோய் கண்ட பசு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் கன்று போடும். உடனே நாம் என்ன நினைக்கிறோம்? "திருஷ்டி கழிந்துவிட்டது, மாடு சரியாகிவிட்டது" என்று நிம்மதி அடைகிறோம். உண்மையில் மாடு சரியாகவில்லை. கிருமி அதன் மடியிலும் நிணநீர்க் கட்டிகளிலும் ஆயுள் முழுவதும் குடியிருக்கிறது. ஒவ்வொரு முறை ஈனும்போதும் கருப்பை நீரிலும், கறக்கும் பாலிலும் அது வெளியே வரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பண்ணையில் இருபது பசுக்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பண்ணைக்காரர் சந்தை விலையை விடக் குறைவாகக் கிடைக்கிறதே என்று ஒரு சினைக் கிடாரியை வாங்கி வருகிறார். அது ஒரு நாள் இரவில் கன்று வீசுகிறது. காலையில் அவர் வந்து பார்ப்பதற்குள் மற்ற மாடுகள் அந்தக் கன்றை முகர்ந்து, நஞ்சுக்கொடியை நக்கி, அந்த நீர் பட்ட புல்லைத் தின்றுவிடுகின்றன. கொட்டகையின் நிழலும் ஈரமும் இந்தக் கிருமிக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயிர் கொடுக்கும். நேரடி வெயில்தான் அதற்குப் பகை. சில மாதங்கள் கழித்து மூன்று பசுக்கள், பிறகு ஐந்து பசுக்கள் என்று வரிசையாகக் கன்று வீசுகின்றன. இதை நாங்கள் கருச்சிதைவுப் புயல் என்போம். புயல் ஓய்ந்ததும் பண்ணை மறுபடி அமைதியாகத் தெரியும். ஆனால் அதற்குள் மந்தையில் பாதி கிருமியைச் சுமக்கத் தொடங்கியிருக்கும்.

ஆட்டுப் பாலும் ஒரு பெண் அறிஞரும்

இது மனிதரைத் தாக்கும் என்பது எப்படித் தெரிந்தது? அந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

மத்தியதரைக் கடலில் மால்ட்டா என்று ஒரு சிறு தீவு. அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாதக்கணக்கில் நீளும் விநோதக் காய்ச்சலால் அவதிப்பட்டார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்த சிப்பாயின் மண்ணீரலிலிருந்து அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரால்தான் புருசெல்லா என்கிறோம். ஆனால் கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கொசுவா, தண்ணீரா, காற்றா என்று தேடினார்கள். 1905-இல் தெமிஸ்டோக்கிளிஸ் சம்மித் என்ற மால்ட்டா நாட்டு மருத்துவர், ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். வீடு வீடாக ஓட்டிச் சென்று வாசலிலேயே கறந்து கொடுக்கும் ஆடுகள் அவை. கொழுகொழுவென்று இருந்தன, ஒரு நோயும் தெரியவில்லை. ஆனால் அவற்றில்தான் கிருமி இருந்தது. 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டதும் முகாமில் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. பழையபடி பச்சைப் பால் குடித்த உள்ளூர் மக்களுக்கோ காய்ச்சல் தொடர்ந்தது.

இன்னொரு பக்கம், 1897-இல் டென்மார்க் கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பாங், பசுக்கள் கன்று வீசக் காரணமான கிருமியைக் கண்டறிந்து வெளியிட்டார். மால்ட்டாக் காய்ச்சல் கிருமியும் இதுவும் நெருங்கிய உறவு என்பதை இருபது ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை. அதைக் கண்டு சொன்னவர் ஆலிஸ் இவான்ஸ் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர். 1918-இல் அவர் தம் கட்டுரையை வெளியிட்டு, பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்காமல் விற்கக் கூடாது என்று எச்சரித்தார். அவர் பெண், முனைவர் பட்டமும் இல்லை. பெரிய அறிஞர்கள் நம்ப மறுத்தார்கள். பால் வியாபாரிகளும் ஏற்கவில்லை. ஆராய்ச்சி செய்த அந்த அம்மையாருக்கே 1922-இல் இந்த நோய் தொற்றி, இருபது ஆண்டுகளுக்கு மேல் விட்டு விட்டு வாட்டியது. பின்னர் உலகம் அவர் சொன்னதை ஏற்றது. 1928-இல் அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் அவர் ஆனார்.

நம் வீட்டு வாசலிலும் வந்தது

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை" என்று நினைத்துவிடாதீர்கள். நம் பினாங்கில் ஓர் ஆட்டுப் பண்ணையின் காய்ச்சாத பாலைக் குடித்தவர்களில், ஓராண்டுக்குள் 79 பேருக்கு இந்த நோய் கண்டதாக மருத்துவ ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. முதலில் படுத்தவர் பண்ணை உரிமையாளரே. மூன்று வாரமாகக் காய்ச்சல், தலைவலி, வியர்வை, பசியின்மை. டிங்கியா, மலேரியாவா, எலிக் காய்ச்சலா என்று பார்த்தார்கள், எதுவும் இல்லை. பிறகுதான் பால் விஷயம் தெரிய வந்து சரியான சோதனை செய்தார்கள். நோயாளிகளின் இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர்களுக்கும் தொற்றியது. நோய் தொடங்கியதிலிருந்து அது என்ன என்று தெரிய, சராசரியாக 53 நாட்கள் ஆகியிருந்தன.

இந்தக் காய்ச்சலின் தன்மையே அதுதான். ஏறும், இறங்கும். இரவில் உடை நனைய வியர்க்கும். மூட்டு வலி, இடுப்பு வலி, எழுந்திருக்க முடியாத சோர்வு. இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். மனிதருக்கு இதற்குத் தடுப்பூசி கிடையாது. பால் மட்டும் வழியல்ல. கன்று வீசிய பசுவுக்கு வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுப்பவருக்கும், கொட்டகையைக் கழுவுபவருக்கும் கைக் காயம் வழியாகவும் கண் வழியாகவும் தொற்றும். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலைக்கு அருகிலேயே போகக் கூடாது.

ஒழித்த நாடுகள் என்ன செய்தன?

கட்டுப்படுத்துவது வேறு, ஒழிப்பது வேறு. நோயைத் தொந்தரவு இல்லாத அளவுக்குக் குறைத்து வைப்பது கட்டுப்பாடு. கட்டுப்பாட்டை நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்கும். ஒரு நாட்டு எல்லைக்குள் கிருமியே இல்லாமல் செய்வதுதான் ஒழிப்பு. டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதைச் சாதித்தன. பிரிட்டன் 1985-இல் விடுபட்டது. ஆஸ்திரேலியா 1970-இல் தேசிய இயக்கம் தொடங்கி 1989-இல் விடுபட்டது. அமெரிக்காவில் 1934-இல் திட்டம் தொடங்கியது. 1956-இல் சோதித்தபோது 1,24,000 மந்தைகளில் நோய் இருந்தது. 1992-இல் அது ஏறத்தாழ 700 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகும் யெல்லோஸ்டோன் வட்டாரத்தின் காட்டெருமைகளிலும் எல்க் மான்களிலும் கிருமி தங்கியிருப்பதால், அங்கே காவல் இன்னும் ஓயவில்லை.

இந்த நாடுகள் எல்லாம் கடைப்பிடித்த வழிகள் ஏறத்தாழ ஒன்றேதான்.

முதல் வழி, கண்டுபிடிப்பது. ஒவ்வொரு மாட்டையும் தேடிப் போக வேண்டியதில்லை. பண்ணைப் பாலைக் கலந்து ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, நீலச் சாயம் ஏற்றிய மருந்தை விட்டால், நோய் இருக்கும் பாலின் மேலாடையில் நீல வளையம் கட்டும். இது பால் வளையச் சோதனை. ஒரு குழாய்ப் பால், ஒரு மந்தையின் கதையைச் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் மாடு மாடாக இரத்தம் எடுத்து, ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்பு மருந்தோடு கலந்து பார்ப்பார்கள். நோய் இருந்தால் நான்கு நிமிடத்தில் திரி திரியாகத் திரளும். ஒரு முறை சோதித்தால் போதாது. தொற்றிய கிடாரி சில நேரம் ஈனும் வரை சோதனையில் பிடிபடாது. ஆகவே ஓரிரு மாத இடைவெளியில் திரும்பத் திரும்பச் சோதித்து, மந்தை முழுவதும் தொடர்ந்து சுத்தம் என்று வந்தால்தான் நம்பலாம்.

இரண்டாவது வழி, வாசலைக் காப்பது. நோய் நடந்து வருவதில்லை. நாம்தான் அதை வாங்கி வருகிறோம். சோதிக்காத மாட்டை வாங்காமல் இருப்பது, வாங்கியதைத் தனியே கட்டி வைத்து மறுபடி சோதிப்பது, ஊர்க் காளையைப் பல பண்ணைகளுக்கு அனுப்பாமல் சோதிக்கப்பட்ட காளையின் விந்தைக் கொண்டு சினை ஊசி போடுவது ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாவது வழி, தடுப்பூசி. இதற்கும் ஒரு கதை உண்டு. 1923-இல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர், ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமியை ஆய்வுக்கூடத்தில் வெறும் அறை வெப்பத்தில் ஓராண்டுக்கும் மேலாக விட்டு வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தபோது கிருமி உயிரோடு இருந்தது, ஆனால் வீரியம் போயிருந்தது. அதுவே எஸ்-19 என்ற புகழ்பெற்ற தடுப்பூசியானது. பெண் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே முறை, இளம் வயதிலேயே போட வேண்டும். வளர்ந்த பிறகு போட்டால், மாட்டின் இரத்தம் சோதனையில் நோயாளியின் இரத்தம் போலவே காட்டிக் குழப்பும். சினைப் பசுவுக்குப் போட்டால் கன்று வீசக்கூடும். காளைக்கும் போடக் கூடாது. இது உயிருள்ள கிருமி என்பதால், ஊசி தவறிக் கையில் குத்தினால் போடுபவருக்கே நோய் வரும். கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும். பின்னர் வந்த ஆர்பி-51 என்ற தடுப்பூசி சோதனையைக் குழப்பாது. ஆனால் தடுப்பூசி மட்டும் நோயை ஒழிக்காது. அது தீயின் வேகத்தைத் தணிக்கும். எஞ்சிய நெருப்பை நாம்தான் அணைக்க வேண்டும்.

நான்காவது வழி, நோயுள்ள மாட்டை மந்தையிலிருந்து நீக்குவது. இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்வி வருகிறது.

கோமாதாவை எப்படி அனுப்புவது?

கிருமி மாட்டின் உடல் அணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால், மருந்து கொடுத்து முழுமையாகக் குணப்படுத்த வழியில்லை. ஆகவே மேலே சொன்ன நாடுகள் சோதித்தன, நோயுள்ளதை வெட்டுக்கு அனுப்பின. நம் நாட்டிலும் 1979 முதல் கால்நடைச் சேவை இலாகா, சோதித்து நீக்கும் இம்முறையைத்தான் பின்பற்றி வருகிறது.

ஆனால் பசுவை லட்சுமி என்று பெயரிட்டு அழைத்து, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசி, பொட்டு வைத்துக் கும்பிடும் ஒருவரிடம் போய், "இந்தப் பசுவை வெட்டுக்குக் கொடு" என்றால் அவர் மனம் என்ன பாடுபடும்? இதை மூட நம்பிக்கை என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது ஒரு குடும்பத்தின் நன்றி உணர்ச்சி. அதை மதிக்காத எந்தத் திட்டமும் நம் மக்களிடம் வெற்றி பெறாது.

ஆனால் அந்த உணர்ச்சியின் பெயரால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் மாட்டை வேறு இடத்துக்கு ஓட்டிவிடுவது. நோய் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் தூரத்து வியாபாரியிடம் தள்ளிவிடுவது. அந்த வியாபாரி அதை யாரிடம் விற்பார்? இன்னொரு கம்பத்தில், கடன் வாங்கிப் புதிதாகப் பண்ணை தொடங்கும் இன்னொரு ஏழையிடம். நம் கை படாமல் மாட்டை அனுப்பிவிட்டோம் என்று நாம் நிம்மதி அடையலாம். ஆனால் அங்கே பத்துப் பசுக்கள் கன்று வீசும். அந்த வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுக்கும். ஒரு பசுவைக் காப்பாற்றியதாக நினைத்து ஒரு மந்தையையே நோய்க்குக் கொடுப்பது எந்தப் புண்ணியக் கணக்கில் சேரும்?

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் சிரமமானது. அதே டென்மார்க் மருத்துவர் பாங், காசநோய் கண்ட மாடுகளை எல்லாம் ஒரேயடியாக வெட்டினால் விவசாயிகள் தாங்க மாட்டார்கள் என்று கண்டு, 1892 முதல் ஒரு முறையைப் பரப்பினார். சோதித்து, மந்தையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நோயுள்ளவை ஒரு கொட்டகை, நோயற்றவை வேறு கொட்டகை. கன்று பிறந்த உடனே பிரித்து, காய்ச்சிய பாலை ஊட்டி வளர்க்க வேண்டும். காலப்போக்கில் நோய்க் கொட்டகை சுருங்கி, சுத்தமான மந்தை வளரும். ஆண்டுகள் பிடித்தாலும் பலன் தந்தது.

கன்று வீச்சு நோய்க்கும் இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் சில விதிகளை மீறக் கூடாது. நோயுள்ள பசுவை மறுபடி சினைப்படுத்தக் கூடாது. ஈனும்போதுதான் கிருமி வெள்ளமாகக் கொட்டுகிறது. சினை இல்லை என்றால் ஆபத்து பெரிதும் குறையும். அதற்குத் தனிக் கொட்டகை, தனித் தண்ணீர்த் தொட்டி, தனி ஆள் வேண்டும். அதன் பாலை விற்கக் கூடாது. கால்நடை இலாகாவின் கண்காணிப்பிலும் சட்டத்துக்கு உட்பட்டும்தான் இதைச் செய்ய முடியும். நான்கு மாடு வைத்திருப்பவரால் இது முடியாது. ஆனால் பசுப் பாதுகாப்பைப் பற்றி மேடையில் பேசும் ஆலயங்களும் அமைப்புகளும், அப்படிப்பட்ட பசுக்களைக் கடைசி வரை தனியே வைத்துக் காக்க ஓர் ஏற்பாடு செய்ய முன்வரலாம் அல்லவா? பக்தியின் செலவை ஏழைப் பால்காரர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் ஆகாது.

இந்தியாவில் பல மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டம் உண்டு. எனவே அங்கே தடுப்பூசிப் பாதையைப் பிரதானமாகக் கொண்டிருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் மதுராவில், கோமாரி நோயையும் கன்று வீச்சு நோயையும் கட்டுப்படுத்த 13,343 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன்படி நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள பெண் கன்றுகள் அனைத்துக்கும் ஒரு முறை ஊசி போட வேண்டும். ஒரு தலைமுறை மாடுகள் முழுவதும் பாதுகாப்போடு வளர்ந்தால், நோய்க்குப் புதிய இடம் கிடைக்காது என்பது கணக்கு. வேகம் குறைவுதான். ஆனால் மக்கள் ஒத்துழைக்காத வேகமான திட்டத்தை விட, மக்கள் ஒத்துழைக்கும் மெதுவான திட்டம் மேல்.

இழப்பீடு இல்லாமல் உண்மை வராது

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கறவைப் பசு ஒன்றின் விலை பல ஆயிரம் ரிங்கிட். நாள்தோறும் வரும் பால் காசு அதற்கு மேல். அதைப் பறிகொடுப்பவருக்கு உரிய நேரத்தில், உரிய அளவில் இழப்பீடு கிடைக்காவிட்டால், எந்த மனிதர் தானாக முன்வந்து "என் மாடு கன்று வீசியது" என்று சொல்வார்? நோயை ஒழித்த நாடுகள் பண்ணையாளரின் இழப்பைப் பொதுப்பணத்திலிருந்து பகிர்ந்து கொண்டன. அதைத் தானமாக அவர்கள் கருதவில்லை. நோய் இருக்கும் இடம் தெரிய வேண்டுமானால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்றே கருதினார்கள். சோதனைக்கு வரும் அதிகாரி தண்டிக்க வருகிறார் என்ற அச்சம் போய், காக்க வருகிறார் என்ற நம்பிக்கை வர வேண்டும். பால் மாடு வளர்ப்போர் சங்கங்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். தனித்தனியாகப் புலம்புவதால் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை

மாடு வளர்ப்போர் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பசு கன்று வீசினால், முதல் சந்தேகம் இந்த நோயாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பசுவை உடனே தனியே கட்டுங்கள். கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். செத்த கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளங்கொடியைக் கோணியில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. நல்லபடி ஈன்ற பசுவுக்கு அது நாய் நரி இழுக்காமல் காக்கும் ஏற்பாடு. ஆனால் கன்று வீசிய பசுவின் இளங்கொடி மரத்துக்குப் போகக் கூடாது. இலாகா வந்து மாதிரி எடுத்த பின், ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். அந்த இடத்துப் புல்லையும் வைக்கோலையும் எரித்துவிட்டு, தரையைக் கிருமிநாசினி விட்டுக் கழுவ வேண்டும். மாட்டுக்குக் காதுப் பட்டை போட்டு, எப்போது வாங்கியது, எப்போது ஈன்றது, எப்போது சோதித்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் மாட்டைக் கொண்டு போவதென்றால் முறையான அனுமதி பெறுங்கள். அனுமதி இல்லாமல் லாரியில் ஏறும் மாட்டோடு என்னென்ன நோய் ஏறுகிறது என்று யாருக்கும் தெரியாது. 2021-இல் நம் நாட்டுக்குள் புதிதாக வந்த தோல் கழலை நோயும், காலங்காலமாக இருக்கும் கோமாரியும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன.

மாடே வளர்க்காதவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் இந்தக் கிருமி பிழைக்காது. ஆலைகளில் 72 டிகிரி வெப்பத்தில் 15 விநாடி வைத்தே இதை அழித்துவிடுகிறார்கள். அண்மைக் காலமாக, பச்சைப் பாலில்தான் சத்து அதிகம் என்று ஒரு பேச்சுப் பரவி வருகிறது. அதை நம்பிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நம் பாட்டிமார் யாரும் பாலைக் காய்ச்சாமல் கொடுத்ததில்லை. சீம்பாலைக் கூட வெல்லம் போட்டு ஆவியில் வேக வைத்துத்தான் கொடுத்தார்கள். ஆலயங்களில் அபிஷேகத்துக்குப் பண்ணையிலிருந்து நேராக வரும் பாலைப் பிரசாதமாகக் கொடுப்பதானால், முன்னதாகக் காய்ச்சி ஆற வைத்த பாலையே பயன்படுத்துங்கள். இறைவனுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. பக்தர்களுக்கு நன்மை உண்டு. வாரக்கணக்கில் காய்ச்சல் விடவில்லை என்றால், பண்ணைப் பால் குடித்ததையும் மாட்டோடு பழகுவதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பினாங்கில் நோயைக் காட்டிக் கொடுத்ததே அந்த விவரம்தான்.

அன்பர்களே, இந்த நோயை ஒழிக்கத் தேவையான அறிவு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. சோதனை இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, வழி தெரிந்த நாடுகளும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: ஒரு பண்ணையாளர் தன் கொட்டகையில் நடந்ததைப் பயமில்லாமல் வெளியே சொல்லும் சூழ்நிலை. அதை அரசாங்கமும், சங்கங்களும், பால் வாங்கும் நாமும் சேர்ந்து உருவாக்க வேண்டும். இன்று இந்நிகழ்ச்சியைப் பார்ப்பவர்களில் மாடு வளர்ப்பவர் யாராவது இருந்தால், நாளைக் காலை கறவை முடிந்ததும் இலாகா அலுவலகத்துக்குப் போய், "என் மாடுகளைச் சோதிக்க வேண்டும்" என்று கேளுங்கள். மந்தை சுத்தம் என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம். நோய் என்று சொன்னால், மற்ற மாடுகளையும் வீட்டில் உள்ளவர்களையும் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள்.